செத்த கல்லூரியில் ஓர் ஆண்டு

திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒன்றாக அவை அமைந்தன என்பது எங்கள் பக்கத்தில் வழிவழி வரும் நம்பிக்கை. டிசம்பர் 31ஆம் நாள் படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறும் கூட்டத்தைக் காண்போருக்கு, ஆண்டு என்பது தானாகக் கழிந்துபோவதன்று, காலெடுத்து வைத்து ஏறிக் கடக்க வேண்டியது என்னும் எண்ணம் தோன்றாமற் போகாது.

ஆண்டை எண்ணிக் கடக்கும் வேறொரு வழியை எங்களுக்குக் காட்டியது ஒரு தாள். ஜப்பானில் பணிபுரியும் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், விடுமுறைக்கு வந்தபோது, புகுவோகா நகரத்துக் கலைக்கூடத்தின் ஓராண்டுக் கண்காட்சி அட்டவணையைக் கொண்டுவந்திருந்தார். எழுத்து எங்களுக்குப் புரியவில்லை. அவரே படித்துச் சொன்னார். அங்கே அலுவல் ஆண்டு நம் சித்திரையை ஒட்டி, ஏப்ரலில் தொடங்குகிறது. அப்போதே அடுத்த மார்ச் வரையில் எந்த மாதம் எந்த ஓவியம் காட்சிக்கு வரும், எது உள்ளே போகும் என்று நகரத்தாருக்கு அறிவித்துவிடுகிறார்கள். பட்டிலும் தாளிலும் தீட்டிய பழைய ஓவியங்கள் வெளிச்சத்தை நெடுநாள் தாங்கமாட்டா. ஆகவே சில வாரங்கள் சுவரில் தொங்கிவிட்டு இருட்டறைக்குத் திரும்பி ஓய்வு கொள்கின்றன. ஒரு முறை பார்த்தாயிற்று என்று எவரும் இருந்துவிட முடியாது. பருவந்தோறும் மக்கள் மீண்டும் போகிறார்கள்.

அந்த நகரத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பும் உண்டு. 1979ஆம் ஆண்டு புகுவோகா கலைக்கூடம் திறக்கப்பட்டபோது அது நடத்திய ஆசியக் கலைக் கண்காட்சியின் முதற் பகுதியில் இந்தியா, சீனா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் நவீனக் கலை இடம்பெற்றது. 1999இல் ஆசிய நாடுகளின் இக்காலக் கலைக்கென்றே தனிக்கூடம் ஒன்றையும் அந்நகரம் அமைத்துக்கொண்டது. அண்டை நாட்டாரின் கலையைத் தன் மக்கள் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்று ஒரு நகராட்சி எண்ணியிருக்கிறது.

நம் பக்கம் நிலை என்ன? சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தைப் பள்ளிப் பருவத்தில் ஒரு முறை பார்க்காதவர் குறைவு. இரண்டாம் முறை பார்த்தவர் அதனினும் குறைவு. 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கி, 1854இல் எழும்பூருக்கு வந்த நிலையம் அது. பழைய சென்னை மக்கள் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றார்கள்; இதைச் ‘செத்த காலேஜ்’ என்றார்கள். பிறந்த இடம் கல்லூரி என்பதனாலோ, கற்பிக்கும் இடம் என்று கருதியதாலோ, பெயர் நிலைத்துவிட்டது. உயிரற்றவை கிடக்கும் இடத்துக்கு ஒரு முறை போவதே மிகுதி என்னும் மனநிலையும் அதனோடு நிலைத்துவிட்டது.

கே.ஜி.கண்டிகையில் நாங்கள் நால்வர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் சகோதரி ஒருவர், நெசவாளர் ஒருவர். மாலை வேளைகளில் நூல்களைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். அந்த அட்டவணையைப் பார்த்த அன்று, ஓராண்டில் நான்கு முறை எழும்பூருக்குப் போவது, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கூடத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். காட்சிப் பொருள்கள் மாறாவிட்டால் என்ன, நாம் மாறிப் போவோமே என்றார் மூத்த ஆசிரியர். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை; ஆகவே சனிக்கிழமைகளைத் தேர்ந்தோம்.

சித்திரை வெயிலில் முதற் பயணம். பேருந்தில் திருத்தணி வந்து, மின்சார ரயில் ஏறி, அரக்கோணம், திருவாலங்காடு, திருவள்ளூர் வழியாகச் சென்னை சேர்ந்தோம். அன்று நாங்கள் பார்த்தவை கற்கள். செதுக்கிய சிலைகள் அல்ல, வெறும் கற்கோடரிகள். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்தெடுத்தார். அது மனிதக் கை வேண்டுமென்றே உடைத்துக் கூராக்கிய கல் என்று கண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கற்களைக் கண்டெடுத்தனர். ஃபூட் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய தொகுப்பை 1904இல் இந்த அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

அத்திரம்பாக்கம் எங்கே இருக்கிறது? திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில். திருத்தணியைத் தொட்டு ஓடும் எங்கள் நந்தியாறு போய்ச் சேர்வதும் அந்தக் கொசஸ்தலையில்தான். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலிய ஆய்வாளர்கள் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, அடியில் கிடந்த கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையுடையவை என்று 2011இல் அறிவித்தார்கள். மேலடுக்கில் கிடைத்த நுட்பமான சிறு கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டன என்று 2018இல் நிறுவினார்கள். மனித இன வரலாற்றை எழுதுவோர் உலகெங்கும் எங்கள் ஆற்றங்கரையின் பெயரைச் சொல்கிறார்கள். நாங்களோ அந்தக் கரையைக் கடந்து சந்தைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம்.

நெசவாளர் நெடுநேரம் கண்ணாடிப் பேழையின் முன் நின்றார். பிறகு தம் வலக்கையைச் சற்றே மடக்கி, கோடரியைப் பிடிப்பது போல வைத்துப் பார்த்தார். “கைக்குப் பொருந்த வேணும்னு உடைச்சிருக்கான் ஐயா. நாடாவும் இப்படித்தான், கை பார்த்துச் செய்யணும்” என்றார். பேழையில் ‘கைக்கோடரி’ என்று மட்டுமே எழுதியிருந்தது. கை என்பதைப் படித்தவர் அவர்தான்.

ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் ஓய்ந்த பின் இரண்டாம் பயணம். இம்முறை அமராவதிக் கூடம். கிருஷ்ணை ஆற்றங்கரையில் நின்ற பௌத்தப் பெருந்தூபியின் சலவைக்கல் போன்ற பலகைகள் அவை. உண்மையில் பல்நாட்டுச் சுண்ணாம்புக் கற்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் காலின் மெக்கன்சி அந்த மேட்டைக் கண்டார். 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த கற்கள் சென்னைக்கு வந்து, நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் அவற்றுள் பல கப்பலேறி இலண்டன் சென்றன. அவை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. எஞ்சியவையும் பின்னர்க் கிடைத்தவையும் எழும்பூரில்.

ஒரு வட்டப் பலகையை வாசகர்கள் தவறாமல் பார்க்க வேண்டும். நளகிரி என்னும் மதயானையைப் புத்தர் அடக்கிய நிகழ்ச்சி அதில் இருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் யானை இருமுறை வருகிறது. ஒரு புறம் ஆளைத் துதிக்கையால் சுழற்றி, தெருவைக் கலக்கி ஓடுகிறது. மறுபுறம் புத்தரின் காலடியில் முழந்தாளிட்டுக் கிடக்கிறது. மேலே மாடச் சாளரங்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கொந்தளிப்பும் அமைதியும் இரு வேறு உயிர்களுக்கு உரியவை அல்ல, ஒரே உயிரின் இரு நிலைகள் என்பதைச் சொல்லாமற் சொல்லும் கல் அது.

அங்கே எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. ஆந்திர நாட்டின் கற்கள் சென்னையில் இருப்பது முறைதானா என்று சகோதரி கேட்டார். சென்னை மாகாணம் ஒன்றாய் இருந்த நாளில் வந்தவை என்றார் ஓர் ஆசிரியர். மூத்த ஆசிரியர் சிரித்துக்கொண்டார். அவர் பள்ளியில் சேர்ந்த காலத்தில் திருத்தணி ஆந்திராவில் இருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு நாங்களும் அங்கே போனோம். ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் பரிந்துரைத்தபடி, 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு சேர்ந்தோம். “நம்ம வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. மாநிலம்தான் வந்து போச்சு. இந்தக் கல்லுக்கு மாநிலம் அப்படியே இருந்து, வீடு போயிடுச்சு” என்றார் அவர். இன்றும் எங்கள் வீடுகளில் தாத்தாவோடு தெலுங்கிலும் பேரனோடு தமிழிலும் பேசுகிறோம். எல்லைக்கோடு எங்கள் சமையலறை வழியாகச் செல்கிறது என்றாலும் பிழையில்லை. ஆகவே அந்தக் கற்களின் முன் நாங்கள் அயலாராக நிற்கவில்லை. எது யாருடையது என்ற வழக்குக்கு விடை தேடாமல், ஊரைப் பிரிந்த ஒருவரைப் பார்த்து வருவது போலப் பார்த்து வந்தோம்.

ஐப்பசி மழையில் மூன்றாம் பயணம். செப்புத் திருமேனிகளின் கூடம். ரயில் திருவாலங்காட்டில் நின்றபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏனெனில் அன்று பார்க்கச் சென்றது திருவாலங்காட்டு ஆடவல்லானை.

நடராசரின் ஐந்து சபைகளுள் திருவாலங்காடு இரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து இறைவனின் ஆடலைக் கண்டு வாழ்ந்த இடம். அவ்வூரின் பெயரால் வழங்கும் செப்பேடுகள் 1905இல் வெளிவந்தன. இராசேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்கு அளித்த செய்தியைத் தாங்கிய 31 ஏடுகள் அவை. சோழர் குல வரலாற்றை எழுதியோருக்குப் பெருந்துணையாயின. அவ்வூர்த் தலபுராணம் பேசுவது காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவம். ஆனால் அங்கிருந்து எழும்பூர் வந்த இந்தச் சோழர் காலத் திருமேனி ஆடுவது ஆனந்த தாண்டவம். விரிந்து பறக்கும் சடையும் இல்லை. சுற்றிலும் நிற்க வேண்டிய தீச்சுடர் வளையமும் இல்லை. இரண்டும் காலத்தில் தொலைந்தன. தொலைந்ததனால் மறைப்பின்றி வெளிப்பட்டது உடல். தூக்கிய காலின் வீச்சும், அதைத் தாங்கும் மறுகாலின் சிறு மடக்கும், அசைவின் நடுவே அசையாத முகமும் முழுமையாகத் தெரிகின்றன.

பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தியாவுக்கு வந்தவரல்லர். இத்திருமேனியின் புகைப்படங்களை மட்டும் பார்த்து, 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். 1917இல் அவர் மறைந்தார். 1921இல் அது அச்சில் வந்தது. பாரிசில் ஒருவர் நிழற்படத்தில் கண்டு வியந்த உருவம், எங்கள் ரயில் நிறுத்தம் ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த நிறுத்தத்தில் நாள்தோறும் ஏறி இறங்குவோருள் இதை அறிந்தவர் எத்தனை பேர்? நம் வாசகர்களுக்கு இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். வேளாங்கண்ணி என்றதும் அன்னையின் திருத்தலம் நம் நினைவுக்கு வரும். அந்த ஊரிலிருந்து வந்த சோழர் கால நடராசர் ஒருவரும் இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஓர் ஊரின் மண் எத்தனை வழிபாடுகளைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பதை ஊர்ப்பெயர் எழுதிய சிறு அட்டை சொல்லிவிடுகிறது.

கூடத்துக்கு வந்திருந்த முதிய தாய் ஒருவர் வாயிலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, திருமேனியின் முன் கைகூப்பி நின்றார். அவருடைய பேத்தி, “ஏன் பாட்டி இந்தச் சாமிக்கு மாலையே இல்ல?” என்று கேட்டாள். பாட்டி விடை சொல்லவில்லை. எங்களாலும் சொல்ல முடியவில்லை. கோயிலில் திருமேனியைப் பட்டும் பூவும் மூடியிருக்கும். முகமும் கையும் மட்டுமே தெரியும். இங்கே பட்டும் பூவும் இல்லை. மேனி முழுதும் தெரிகிறது. அங்கே இறைவன் காண வருவோரைக் காண்கிறான் என்பது அடியார் உணர்வு. இங்கே நாம் காண்கிறோம், வார்த்தவனின் திறத்தை. இரண்டில் ஒன்றை இழந்துதான் மற்றதைப் பெறுகிறோம். வழிபாட்டை இழந்த வடிவத்துக்கு நாம் செலுத்தக் கூடியது கவனம் ஒன்றே. அதையும் செலுத்தாமல் ஐந்து நிமிடத்தில் கடந்து போவோமானால், அது செத்த கல்லூரியேதான். அதைச் சாகடித்தவர் நாம்.

மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் வண்டல் மண் பூசி, தீயில் வாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். மெழுகு போனால்தான் திருமேனி வரும். ஓர் அச்சுக்கு ஓர் உருவமே. இதை விளக்கியபோது நெசவாளர் ஏதும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, கடம்பத்தூர் தாண்டிய பின், தம் வீட்டுச் செய்தியைச் சொன்னார். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கமெல்லாம் விசைத்தறியின் ஓசைதான் கேட்கிறது. அவர் வீட்டுக் குழித்தறி பல ஆண்டுகளாக ஓடவில்லை. குழியை மூடித் தளம் போட்டு ஓர் அறை எடுக்கலாம் என்று மகன்கள் சொல்லிவிட்டார்கள். தறியின் மரங்களைப் போகியன்று கொளுத்திவிடலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

மார்கழியில் நான்காம் பயணம். அருங்காட்சியகத்தின் இக்காலக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு, அதன் தொடர்ச்சியைத் தேடிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குச் சென்றோம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ்.பணிக்கர், மாணவர்களையும் தோழர்களையும் சேர்த்து 1966இல் உருவாக்கிய குடியிருப்பு அது. 2009 முதல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. அந்த ஓவியர்களிடம் பணம் இல்லை. ஓவியம் வாங்குவாரும் மிகச் சிலரே. ஆகவே அவர்கள் துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் வேலையில் இறங்கினார்கள். கைவினைப் பொருள் விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். அந்த நிலத்தில் குடிசை போட்டு ஓவியம் தீட்டினார்கள்.

இதைக் கேட்டதும் நெசவாளரின் முகம் மலர்ந்தது. “துணிதான் அவங்களுக்குச் சோறு போட்டுதா?” என்று இருமுறை கேட்டார். பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த ஓவியங்களைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். கலை என்று சுவரில் தொங்குவதற்கும் தொழில் என்று தம் வீட்டுக் குழியில் கிடப்பதற்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பது அவருக்கு அன்று தெரிந்துவிட்டது. எங்களுக்கும்தான்.

நான்கு பயணங்களையும் ஒருசேர எண்ணிப் பார்க்கிறோம். தொலைவில் உள்ளவற்றைக் காணப் புறப்பட்டோம். கண்டவை பெரும்பாலும் எங்கள் ஆற்றங்கரைக் கல், எங்கள் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பலகை, எங்கள் ரயில் பாதையில் உள்ள ஊரின் திருமேனி. அவை ஊரை விட்டுப் போன பின்னரே உலகம் அவற்றின் பெயரைக் கேட்டது. போகாமல் ஊரிலேயே கிடப்பவை இன்னும் எத்தனை? அவற்றுக்குப் பெயரெழுதுவார் இல்லை. அவை சாம்பலானால் கேட்பாரும் இல்லை. ஜப்பானிய நகரம் தன் மக்களை ஆண்டு முழுதும் மீண்டும் மீண்டும் அழைப்பதன் பொருள் எங்களுக்கு இப்போது சற்றே விளங்குகிறது. கலைக்கூடம் பொருளைக் காப்பது பாதி வேலை. பார்க்கும் பழக்கத்தைக் காப்பது மறுபாதி. நம் கூடங்களில் பொருள் இருக்கிறது. பழக்கத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் ஓடிக் காட்டாமல், ஒன்றை மட்டும் காட்டி, மீண்டும் ஒரு பருவத்தில் வருவோம் என்று சொல்லி அழைத்து வருவார்களானால் அதுவே பெருந்தொண்டு.

போகி விடியலில் நெசவாளரின் வீட்டு வாயிலில் பழம்பாயும் கிழிந்த கூடைகளும் எரிந்தன. தறி எரியவில்லை. குழியை மகன்கள் மூடிவிட்டார்கள். அது அவர்களுடைய வாழ்க்கைத் தேவை, அதில் குறை காண இடமில்லை. மரங்களும் மிதிகளும் அச்சும் நாடாவும் எங்கள் வாசிப்பு அறையின் ஒரு மூலைக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுத அமர்ந்தோம்: பொருளின் பெயர், ஊர், காலம், செய்தவர். நாடாவைச் செய்த தச்சரின் பெயரை நினைவிலிருந்து சொன்னார் நெசவாளர். அந்தத் தச்சர் மறைந்து நெடுநாளாயிற்று. எழுதி முடித்து, கண்ணாடிப் பெட்டிக்கு அளவெடுக்கலாமா என்று கேட்டோம்.

“கண்ணாடி வேணாம் ஐயா” என்றார். “பசங்க கையில எடுத்துப் பார்க்கட்டும். கை பழகினாத்தான் கண்ணு பழகும்.”

அட்டைகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அடுத்த சித்திரையில் எழும்பூருக்குப் புறப்படும்போது, தெருப் பிள்ளைகள் அறுவர் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.